முந்த்ரா விவகாரம்: பத்திரிகையும் பாராளுமன்றமும் பொதுப்பணமும்

1957ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆம் திகதி இந்திய லோக் சபையில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர் ஆளுங் கட்சியாகிய காங்கிரசைச் சேர்ந்த டாக்டர் ராம் சுபக் சிங். ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் பணத்தைக் கொண்டு தனியார் கம்பனியொன்றின் பங்குகள் சந்தை விலையிலும் கூடிய விலைக்கு வாங்கப்பட்டன என்று பத்திரிகையில் வந்திருக்கும் செய்தியை அரசாங்கம் கவனித்ததா என்பதே அக்கேள்வியின் சாரம். உதவி நிதியமைச்சர் பகத் எழுந்து விடை கூறினார். விடை சொல்லப்பட்டது, விடயம் சொல்லப்படவில்லை. கேட்டவரும் அமர்ந்தார், சபையும் அடுத்த அலுவலுக்குச் சென்றது.

அன்று சபையில் இருந்தவர்களுள் எவரும் அந்தச் சில நிமிடங்களைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அதிலிருந்து ஐந்தரை மாதங்களுக்குள் இந்தியாவின் நிதியமைச்சர் பதவி துறக்க நேர்ந்தது. ஒரு பெரிய வணிகர் சிறை செல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொதுக் கூட்டுத்தாபனத்தின் தலைவரும் நிதியமைச்சின் தலைமைச் செயலாளரும் உலகறிய விசாரிக்கப்பட்டனர். சுதந்திர இந்தியாவின் வரலாற்றிலே 'முந்த்ரா விவகாரம்' எனப் பெயர்பெற்ற இந்நிகழ்ச்சியைப் பலரும் ஓர் ஊழற் கதையாகவே நினைவிற் கொண்டுள்ளனர். ஊழல் எக்காலத்தும் உள்ளது. நாம் இங்கு நோக்க விரும்புவது வேறொன்று: பத்திரிகையில் வெளிவந்த ஒரு செய்தி பாராளுமன்றத்தின் கண்ணை ஒரு பொது நிறுவனத்தின் கணக்கேட்டின் மேல் எவ்வாறு திருப்பியது? அப்படித் திரும்பிய கண் எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது?

குடியியற் பாடநூல்களில் நாம் மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது மிக எளிதான சித்திரம். மக்கள் அங்கத்தவரைத் தெரிவு செய்கின்றனர்; அங்கத்தவர் மந்திரியைக் கேட்கின்றனர்; மந்திரி தம் கீழுள்ள திணைக்களங்களுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் பொறுப்பேற்று விடையிறுக்கின்றார். சித்திரத்தில் ஒரு குறை. கேட்க வேண்டிய கேள்வி எதுவென்பது அங்கத்தவருக்கு எப்படித் தெரியும்? அவரிடம் ஒற்றர் இல்லை. கூட்டுத்தாபனத்தின் கோப்புகள் அவர் மேசைக்கு வருவதில்லை. கணக்காய்வாளரின் அறிக்கை காரியம் முடிந்து நெடுங்காலம் சென்றபின் வருவது. எனவே அங்கத்தவரின் முதற் சாட்சி பெரும்பாலும் காலைப் பத்திரிகையாகவே இருந்து வந்துள்ளது. அந்தப் பத்திரிகை யாருடைய உடைமை என்பது அடுத்த வினா. இந்த இரண்டு வினாக்களும் முந்த்ரா விவகாரத்துக்குச் சற்று முந்திய இன்னொரு விவகாரத்திலே ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. அங்கிருந்தே தொடங்குவோம்.

1955ஆம் ஆண்டு வரையில் இந்தியாவில் ஆயுட் காப்புறுதி தனியார் கையிலேயே இருந்தது. குமாஸ்தாவும் ஆசிரியரும் கடைச் சிப்பந்தியும் மாதந்தோறும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம் முதலாளிமாரின் பெட்டிகளிற் குவிந்தது. அப்பணம் காப்புறுதி செய்தவருடையது என்ற எண்ணம் அம்முதலாளிகளிற் சிலருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ராம்கிருஷ்ண டால்மியா அவர்களுள் ஒருவர். பாரத் காப்புறுதிக் கம்பனியின் தலைவராக இருந்த அவர் அதன் பணத்தில் 2 கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட தொகையைப் பங்குச் சந்தைச் சூதாட்டத்துக்குத் திருப்பினார். நீதிமன்றம் பின்னர் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இதே டால்மியாதான் 1946இல் 'டைம்ஸ் ஒப் இந்தியா'வை வெளியிடும் பென்னற் கோல்மன் கம்பனியையும் தம் கைக்குள் கொண்டுவந்தவர். அந்தக் கொள்வனவுக்கே காப்புறுதிக் கம்பனியின் பணம் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. காப்புறுதிக் கம்பனியின் சொந்தக்காரரும் பத்திரிகையின் சொந்தக்காரரும் ஒருவரே ஆனால், அந்தக் கம்பனியின் கணக்கை அந்தப் பத்திரிகை ஆராயும் என்று எதிர்பார்ப்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதாகும்.

டால்மியாவின் செய்கைகளை 1955 டிசெம்பரில் லோக் சபையிலே விரித்துரைத்தவர் பெரோஸ் காந்தி. இவர் பிரதமர் நேருவின் மருமகன், காங்கிரஸ் அங்கத்தவர், பத்திரிகைத் தொழிலிற் பழகியவர். 'நஷனல் ஹெரல்ட்' பத்திரிகையின் நிர்வாக இயக்குநராக இருந்தமையால், அச்சுக்கூடத்தின் மணமும் கடன்காரரின் கதவுத் தட்டலும் அவருக்குப் பழக்கமானவை. அவருடைய உரை நிகழ்ந்து சில வாரங்களில், 1956 ஜனவரியில், நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் ஆயுட் காப்புறுதியைத் தேசவுடைமையாக்கும் அவசரச் சட்டத்தை அறிவித்தார். 245 கம்பனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, 1956 செப்டெம்பர் 1ஆம் திகதி 5 கோடி ரூபா மூலதனத்துடன் ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. தேசவுடைமைக்கு ஓர் உரை மட்டும் காரணமாகாது; இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நிதி தேவைப்பட்டதும் பெருங் காரணம். எனினும் தனியார் காப்புறுதியின் முகத்திரையைச் சபையிற் கிழித்தவர் என்ற பெயர் பெரோஸ் காந்திக்கு நிலைத்தது.

அந்த உரையோடு இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. சபைக்குள் ஓர் அங்கத்தவர் ஒரு முதலாளியின் பெயரைச் சொல்லி 'இவர் பொதுப் பணத்தைக் கையாடினார்' என்று கூறலாம். அரசியலமைப்பின் 105ஆம் உறுப்புரை அவரைக் காக்கும். அதே சொற்களை அடுத்த நாள் அச்சிடும் பத்திரிகைக்கோ அத்தகைய காப்பு இல்லை. முதலாளி மானநட்ட வழக்குத் தொடுத்தால் ஆசிரியரும் அச்சிடுபவரும் நீதிமன்றப் படியேற வேண்டும். அப்படியானால் சபையில் எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும் அப்பேச்சு சபையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே மடிய வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் இப்போராட்டம் மிகப் பழையது. ஒருகாலத்தில் அங்குப் பாராளுமன்ற நடவடிக்கைகளை அச்சிடுவதே குற்றம். 1771இல் அவ்வாறு அச்சிட்டவரைப் பிடிக்க வந்தபோது அவருக்கு ஆதரவாக நின்ற லண்டன் மேயர் பிராஸ் கிரொஸ்பி சிறையிடப்பட்டார். ஆயினும் அதன்பின் அச்சிடுவோரைத் தடுக்கும் துணிவு அச்சபைக்கு இருக்கவில்லை. பாராளுமன்ற விவாதத்தை நேர்மையாக வெளியிடும் பத்திரிகைக்கு மானநட்ட வழக்கிலிருந்து காப்பு உண்டு என்ற நியாயம் 1868இல் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. இந்தியாவில் அத்தகைய சட்டம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பெரோஸ் காந்தி தனி அங்கத்தவர் மசோதாவாக ஒன்றைக் கொண்டுவந்தார். பாராளுமன்ற நடவடிக்கைகளைப் பெரும்பாலும் உண்மையாக, பொது நன்மைக்காக, வன்மமின்றி வெளியிடும் எவர் மேலும் குடியியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க இயலாது என்பது அதன் உட்பொருள். 1956இல் அது சட்டமாயிற்று. தனி அங்கத்தவர் மசோதாக்கள் பெரும்பாலும் பிறந்த அன்றே இறப்பவை, இது பிழைத்தது. அடுத்த ஆண்டிலேயே அச்சட்டத்துக்கு வேலை காத்திருந்தது.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாவைச் சேர்ந்த வணிகர். மின்குமிழ் விற்பவராகத் தொழில் தொடங்கிப் பங்குச் சந்தை வழியே பெரிய கம்பனிகளைக் கைப்பற்றியவர். 1957இன் நடுப்பகுதியில் கடன் அவர் கழுத்தை நெரித்தது. யூன் மாதத்தின் கடைசிப் பகுதியிற் சில நாட்களுக்குள் பேச்சு நடந்து, ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அவருடைய ஆறு கம்பனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாவுக்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெசப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஒஸ்லர் விளக்குக் கம்பனி, ஆஞ்செலோ சகோதரர், பிரிட்டிஷ் இந்தியா கோர்ப்பரேஷன் ஆகியவையே அவை. கூட்டுத்தாபனத்துக்கென ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அக்குழுவைக் கேட்காமலே கொள்வனவு முடிந்தது. கூட்டுத்தாபனத்தை நிறுவிய சட்டத்தின் 21ஆம் பிரிவு, பொதுநலன் சார்ந்த கொள்கை விடயங்களில் அரசாங்கம் எழுத்து மூலம் பணிப்புரை வழங்கலாம் என்கின்றது. எழுத்து மூலமான பணிப்புரை எதுவும் இருக்கவில்லை. இருந்தது வாய்ச்சொல். அந்த வாய்ச்சொல் யாருடையது என்பதுதான் பின்னர் நாட்டையே உலுக்கிய வினா.

நிதியமைச்சராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியலமைப்பை வரைந்த குழுவில் இடம்பெற்றவர், கூர்மதி படைத்தவர், கைத்தொழில் வளர்ச்சியில் ஆர்வமுள்ளவர். அவர் இந்தக் கொள்வனவால் ஒரு சதமேனும் தனக்கெனப் பெற்றார் என்று எவரும் நிரூபிக்கவில்லை என்பதை நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும்.

செப்டெம்பரில் மழுப்பலாக வந்த விடைதான் அரசாங்கத்துக்குக் கேடாயிற்று. உள்ளதை உள்ளவாறு அன்றே சபையில் வைத்திருந்தால் விடயம் சில நாட் சலசலப்போடு அடங்கியிருக்கலாம். மறைத்தமையால் அங்கத்தவரின் ஐயம் வலுத்தது. நவம்பர் இறுதியில் மீண்டும் கேள்வி. மீண்டும் நிறைவில்லாத விடை. 1957 டிசெம்பர் 16ஆம் திகதி பெரோஸ் காந்தி எழுந்தார்.

அன்றைய உரையை நாடகமாக வருணிப்பவர் பலர். மாமனார் பிரதமர் ஆசனத்தில், மருமகன் அரசாங்கத்தின் மேற் கணை தொடுக்கின்றார் என்றால் எந்த நிருபரின் பேனாதான் சும்மா இருக்கும்? ஆனால் அவ்வுரையின் வலிமை உறவுமுறையில் இல்லை, கணக்கிலே இருந்தது. எந்தப் பங்கு, எந்தத் திகதியில், என்ன விலைக்குச் சந்தையில் இருந்தது, கூட்டுத்தாபனம் என்ன விலை கொடுத்தது என்று விலைகளை அடுக்கி அவர் வினவினார். கொள்வனவுக்கு முந்திய நாட்களில் அப்பங்குகளின் விலை ஏறிய விதத்தைச் சுட்டிக்காட்டினார். நிலைகுலைந்த கல்கத்தாப் பங்குச் சந்தையைத் தாங்குவதற்காகவே வாங்கினோம் என்ற சமாதானம் இந்த விலைகளின் முன் நிற்கவில்லை. ஆவேசத்துக்கு மந்திரி ஆவேசத்தால் விடையிறுத்து விடலாம். விலைப்பட்டியலுக்கு அப்படி விடையிறுக்க இயலாது. நம் மாணவரிற் சிலர் பாராளுமன்றப் பேச்சு என்றால் மேசையில் அடிப்பது என்று எண்ணுகின்றனர். அவர்கள் இவ்வுரையைத் தேடிப் படிப்பது நன்று.

உரை சபையோடு நின்றிருந்தால் ஆளுங் கட்சியின் பெரும்பான்மை அதை விழுங்கியிருக்கும். மறுநாட் காலையில் அதைப் பத்திரிகைகள் நாடெங்கும் கொண்டு சென்றன. பெயரையும் தொகையையும் ஆசிரியர்கள் அச்சமின்றி அச்சிட்டதற்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் துணை நின்றது. சட்டத்தை ஆக்கியவரே அதன் முதற் பெரும் பயனைப் பெற்றார் என்பது வரலாற்றின் ஒரு விநோதம்.

அரசாங்கம் விசாரணைக்கு இணங்கியது. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் எம். சி. சக்ளா தனிநபர் ஆணைக்குழுவாக நியமிக்கப்பட்டார். சக்ளா விசாரணையைப் பகிரங்கமாகவே நடத்தினார். கூட்டம் மண்டபத்துள் அடங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. நிதியமைச்சர், அவருடைய தலைமைச் செயலாளர் எச். எம். பட்டேல், கூட்டுத்தாபனத் தலைவர் காமத், நிர்வாக இயக்குநர் வைத்தியநாதன் ஆகியோர் சாட்சியமளித்தனர். மந்திரி தம் அனுமதியுடன் இது நடக்கவில்லை என்றார். செயலாளரின் சாட்சியம் அதற்கு மாறாக இருந்தது. இந்த முரண்பாட்டை நாட்டு மக்கள் அன்றாடம் பத்திரிகையிற் படித்தனர். பத்திரிகைச் செய்தியாற் பிறந்த கேள்வி, கேள்வியாற் பிறந்த விவாதம், விவாதத்தாற் பிறந்த விசாரணை ஆகியன மீண்டும் செய்தியாகி மக்களிடம் வந்து சேர்ந்தன. மூடிய அறைக்குள் ஆறு மாதம் இழுத்தடித்திருந்தால் இதே சாட்சியங்கள் எங்கோ ஒரு பெட்டகத்தில் உறங்கியிருக்கும். சக்ளாவோ 24 நாட்களில் விசாரணையை முடித்து, பெப்ரவரி 10ஆம் திகதி அறிக்கையைக் கையளித்தார்.

செயலாளர் செய்த காரியத்துக்கும் அமைச்சரே சபைக்குப் பொறுப்பாளி. 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்க இயலாது என்பது அவ்வறிக்கையின் மையம். அதனோடு இன்னும் சில விதிகளை அவர் வகுத்துக் காட்டினார். சுயாதீனமான கூட்டுத்தாபனங்களின் வேலையில் அரசாங்கம் தலையிடலாகாது. தலையிடுவதாயின் எழுத்தில் தலையிட வேண்டும். காப்புறுதிப் பணம் காப்புறுதி செய்தோரின் நன்மைக்கே முதலிடப்பட வேண்டும். அமைச்சர்கள் தொடக்கத்திலேயே பாராளுமன்றத்தை நம்பி முழுத் தகவலையும் அதன்முன் வைக்க வேண்டும். இக்கடைசி விதி செப்டெம்பர் 4ஆம் திகதி விடைக்கு நேரே அடித்த ஆணி. பெப்ரவரி 18ஆம் திகதி கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. முந்த்ரா விவகாரத்தை முதலாளித்துவச் சார்புடையோர் எவ்வாறு பயன்படுத்தினர்? 'பார்த்தீர்களா, தேசவுடைமையின் இலட்சணம்!' என்றனர். பொதுத்துறை என்றாலே ஊழல், அரசாங்கத்தின் கை பட்டால் பொன்னும் தகரமாகும் என்ற பல்லவி அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். பங்குகள் வாங்கப்பட்டது யூன் கடைசியில். சபையிற் கேள்வி எழுந்தது செப்டெம்பர் தொடக்கத்தில். இடைப்பட்டது ஏறத்தாழப் பத்து வாரம். டால்மியா தம் கம்பனியின் பணத்தை எடுத்த காலத்தில் அவரிடம் அவ்வாறு பத்து வாரத்துக்குள் கேள்வி கேட்க எந்தச் சபைக்கு உரிமை இருந்தது? அது அவருடைய கம்பனி, அவருடைய பங்குதாரரின் கூட்டம், அவருடைய கணக்காளர். பொது உடைமை ஆனமையாலேதான் ஒரு சாதாரண அங்கத்தவர் எழுந்து 'பணம் எங்கே?' என்று கேட்க முடிந்தது. தேசவுடைமையாக்கம் திருட்டை உண்டாக்கியதென்பது பொய். திருட்டைக் கேள்விக்குரியதாக்கியது அதுவே. பெரோஸ் காந்தியும் இந்த விவகாரத்தின் பின் தேசவுடைமைக்கு எதிராகத் திரும்பவில்லை. ரயில் எஞ்சின்களுக்குக் கூடிய விலை அறவிடுவதாகக் காட்டி டாட்டாவின் டெல்கோ நிறுவனத்தையும் தேசவுடைமையாக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர்.

பத்திரிகைகளையும் நாம் அளவோடுதான் புகழ வேண்டும். அக்காலத்து இந்தியப் பெரும் பத்திரிகைகளைச் 'சணல் பத்திரிகைகள்' என்று கிருஷ்ண மேனன் எள்ளியதுண்டு. சணல் ஆலைக்காரரும் துணியாலைக்காரரும் அவற்றின் சொந்தக்காரராய் இருந்தமையே காரணம். பத்திரிகை உடைமை சிலர் கையிற் குவிவதை ராஜாத்யக்ஷ தலைமையிலான பத்திரிகை ஆணைக்குழு 1954இலேயே சுட்டியிருந்தது. முந்த்ரா பழைய வணிகக் குடும்பங்களைச் சேராத புதுப்பணக்காரர். அவரைத் தூற்றுவதில் மற்றைய முதலாளிமாருக்கு இழப்பொன்றும் இல்லை. பொதுத்துறையையும் ஒரு புதுப்பணக்காரரையும் ஒரே கல்லில் அடிக்கும் வாய்ப்பு எல்லா நாளும் கிட்டுவதன்று. ஆகவே உண்மை வெளிவந்தது. ஆனால் எந்த உண்மை வெளிவர வேண்டும் என்ற தெரிவு உடைமையாளரின் கையில் இருந்தது.

இன்னொன்று. ஒரு மந்திரி விழுவது செய்தி. ஒரு குழு அமைவது செய்தியன்று. பொதுக் கூட்டுத்தாபனங்களை ஆராய்வதற்கெனப் பாராளுமன்றக் குழுவொன்று தனியே வேண்டும் என்ற கருத்து முந்த்ரா விவகாரத்துக்கு முன்பே சபையிற் பேசப்பட்டது. விவகாரத்தின் பின் கிருஷ்ண மேனன் தலைமையில் காங்கிரஸ் கட்சிக் குழுவொன்றும் அதனை ஆராய்ந்து பரிந்துரைத்தது. ஆனால் அக்குழு பிறந்தது 1964 மே மாதத்தில். மந்திரி விழுந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின். ஒலிபெருக்கி வைத்துக் கேட்ட கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது. நிறுவனத்தைச் சீர்செய்யும் வேலை மெதுவானது, சுவையற்றது, தலைப்புச் செய்திக்கு உதவாதது. ஆட்களோ திரும்பி வந்தனர். கிருஷ்ணமாச்சாரி 1962இல் மந்திரி சபைக்கு மீண்டு 1963இல் மறுபடியும் நிதியமைச்சரானார். எச். எம். பட்டேல் அரச சேவையை விட்டு அரசியலுக்கு வந்து, 1977இல் அவரும் இந்தியாவின் நிதியமைச்சராய் அமர்ந்தார்!

பெரோஸ் காந்தி 1960இல் காலமானார். அவர் ஆக்கிய சட்டத்தின் கதை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1975 யூன் மாதத்தில் அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. பத்திரிகைகள் மேல் தணிக்கை விழுந்தது. அடுத்து வந்த பாராளுமன்றக் கூட்டத்தொடரிற் கேள்வி நேரமே நிறுத்தி வைக்கப்பட்டது. பெரோஸ் காந்தியின் சட்டம் 1976இல் நீக்கப்பட்டது. கேள்வி நேரத்தையும் செய்தியையும் ஒருசேரக் கட்டிப்போட்ட அந்த அரசாங்கம், இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பாடநூல் எழுதுவோரிலும் நன்றாக விளங்கியிருந்தது எனலாம். 1977இல் ஆட்சி மாறியதும் அச்சட்டம் மீண்டும் இயற்றப்பட்டது; 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால் அதன் சாரம் அரசியலமைப்புக்குள்ளேயே 361 'ஏ' உறுப்புரையாக இடம்பெற்றது. இனி அதைச் சாதாரண பெரும்பான்மையாற் பிடுங்க இயலாது.

நமது நாட்டிலும் 1961இல் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழியும் தவணைப் பணம் எங்கே செல்கின்றது, எதில் முதலிடப்படுகின்றது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம் என்பதை ஒவ்வொரு பாடசாலை ஆசிரியர் அறையும் தனக்குள் எண்ணிப் பார்க்கலாம். பொதுக் கூட்டுத்தாபனங்களை ஆராயும் 'கோப்' எனப்படும் பாராளுமன்றக் குழு இங்கு 1979இல் அமைந்தது. நாற்பது ஆண்டுகள் அது மூடிய கதவுக்குப் பின்னாலேயே கூடியது. அமைச்சின் செயலாளர்களும் கூட்டுத்தாபனத் தலைவர்களும் அங்கத்தவரின் வினாக்களுக்கு அங்கே அளித்த விடைகள், அறிக்கையாக வெளிவந்த அளவுக்கே வெளியுலகத்துக்குத் தெரிந்தன. 2019ஆம் ஆண்டில்தான் அவ்வறையின் கதவு பத்திரிகையாளருக்குத் திறந்தது.